பலா மரத்தில் ஒரு விருந்தினர் அறை

தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்தில் பன்றிக் காவலுக்குப் பரண் கட்டிப் பழகிய கை என்னுடையது. அந்தத் தைரியத்தில்தான் விருந்தினர் தங்க மரவீடு கட்ட இறங்கினேன். மூன்றாம் வருடம் பாடம் கிடைத்தது. அடிமரத்தோடு ஒட்ட அறுத்துப் பொருத்தியிருந்த தரைப்பலகையை, மரம் பருத்து நெம்பித் தூக்கிவிட்டது.

சரி, முதலில் மரம். சில்வர் ஓக் நெட்டையாக நின்று ஆசை காட்டும், பெருங்காற்றில் முறியும். முள்முருங்கை வெறும் மெத்து. நான் நம்புவது நாவலும் பலாவும்தான். நெஞ்சுயரத்தில் ஒன்றரை அடியாவது குறுக்களவு இருக்கட்டும். சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். பொந்துச் சத்தம் வந்தாலோ, அடியில் காளான் பூத்திருந்தாலோ வேறு மரம் பாருங்கள். பலா என்றால் காயைப் பிஞ்சிலேயே பறித்துவிட வேண்டும். பழுத்தால் வாசத்துக்கு யானை வந்துவிடும்.

கம்பியோ கயிறோ மரத்தைச் சுற்றிக் கட்டவே கூடாது. இலையில் சமைத்த சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. பழைய ஏணிக்குக் கட்டிய கம்பியை அவிழ்க்கப் போனேன். பட்டை இரண்டு உதடு மாதிரி மூடி அதை விழுங்கியிருந்தது. இருபது ஆணியைவிட ஒரு தடித்த போல்ட் மேல்: ஒன்றேகால் அங்குலத் தண்டு, உள்மரத்தில் பதிகிற காலர் (தண்டைச் சுற்றிய தடித்த வளையம்), வெளியே நீட்டிய முனையில் உத்தரம். உலோகத்தையும் அளவையும் பொறியாளர் சொல்லட்டும். அப்புறம் லேத் பட்டறைக்குப் போங்கள். போல்ட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக நெருக்கி இறக்கினால் காயங்கள் சேர்ந்து உள்ளே அழுகும்.

மரம் வளர்ந்தால் வீடும் மேலே போகாதா என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். போகாது. உயரம் நுனியில்தான் கூடும்.

ஆனால் மரம் ஆடும். அதனால் ஒரு பக்கம்தான் பலாவில். மறுபக்கம் இரண்டு இரும்புத் தூண். தூண்மேல் உத்தரத்தை இறுக்காமல், வழுக்கி நகர இடம் விட்டிருக்கிறேன். அடிமரத்தைச் சுற்றித் தரையில் இரண்டு அங்குலம், கூரையில் நாலு அங்குலம் இடைவெளி. கூரை இடைவெளியை லாரி டியூப் ரப்பரால் மூடினேன், மழை இறங்கவில்லை.

500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி அரை டன் கனம். தொட்டியும் குளியலறையும் தனித் தூண்களில் நிற்கட்டும், நடைப்பாலம் போட்டு இணைத்துக்கொள்ளலாம். கைப்பிடி மூன்றரை அடி உயரம், கம்பிச் சந்து நாலு அங்குலத்துக்குள். குழந்தையின் தலை நுழையக் கூடாது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் குரங்குக்காக.

பட்டா நிலம்தானே என்று இருந்துவிடாதீர்கள். மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் உங்கள் ஊர் இருந்தால் அனுமதி வாங்க வேண்டும். யானைத் தடம் என்றால் யோசிக்கவே வேண்டாம். நீலகிரியின் சீகூர் யானை வழித்தட வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் யானை பக்கம்தான் நின்றது.

இப்போதெல்லாம் ஐப்பசி மழைக்கு முன் பலகைச் சந்தில் இரண்டு விரல் விட்டுப் பார்க்கிறேன். இறுக்கினால் அன்றைக்கே ரம்பம் எடுத்துவிடுவேன்.