ஷோரூமுக்கு இன்ச் டேப்போடு போங்கள்

நாலு வருஷமாகச் சின்ன மின்சாரக் கார் ஓட்டுகிறேன். அதனாலேயே சொந்தத்தில் யார் கார் வாங்கக் கிளம்பினாலும் என்னையும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். போன மாதம் சித்தி மகளோடு போனேன். பையிலிருந்து இன்ச் டேப், நோட்டு, பேனா மூன்றையும் நான் எடுத்ததும், "அக்கா, கார் வாங்க வந்தோமா, சட்டைக்கு அளவெடுக்க வந்தோமா?" என்று கேட்டாள்.

அளவெடுக்கத்தான். பெட்ரோல் காரில் கணக்குத் தப்பினாலும் பங்கில் ஐந்து நிமிஷம் நின்றால் சரியாகிவிடும். சின்ன பேட்டரி வண்டியில் அந்தச் சலுகை கிடையாது.

முதல் வேலை வீட்டிலேயே இருக்கிறது. இரண்டு வாரம், தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்று எழுதிவையுங்கள். அதில் சராசரியைத் தேடாதீர்கள். இருப்பதிலேயே மோசமான நாளைத் தேடுங்கள். அவளுக்கு வழக்கமான நாள் 42 கிலோமீட்டர். ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை ஆபீஸ், அங்கிருந்து சித்தியை டாக்டரிடம் கூட்டிப்போனது, வீட்டில் மறந்துவிட்ட ரிப்போர்ட்டை எடுக்க மறுபடி ஓடியது என்று 96 ஆகியிருந்தது. கார் தேற வேண்டியது அந்த 96-க்கு.

விளம்பரத்தில் போடும் ரேஞ்ச், அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம், ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் வண்டியை ஓட்டி, வகுத்துவைத்த வேக அட்டவணைப்படி எடுத்தது. எந்த அட்டவணை என்று கேளுங்கள். பழைய என்.இ.டி.சி. அட்டவணை ரொம்பத் தாராளம், தூரத்தைக் கூட்டிக் காட்டும். ஐரோப்பாவில் 2017-இல் அதன் இடத்துக்கு வந்த டபிள்யூ.எல்.டி.பி. பரவாயில்லை, ஆனால் அதிலும் ஏசியை அணைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள். ஒரு காருக்கு ஓர் அட்டவணை, இன்னொன்றுக்கு வேறு அட்டவணை என்றால் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே வீண்வேலை.

சரி, டெஸ்ட் டிரைவ். ஷோரூம்காரர்கள் பொதுவாகப் பக்கத்துத் தெருவைச் சுற்றி மூன்று கிலோமீட்டரில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். குறைந்தது இருபது கிலோமீட்டர், நீங்கள் தினமும் போகிற மாதிரியான ரோட்டில், அதே நெரிசல் நேரத்தில், ஏசி போட்டு, வழக்கமாக எத்தனை பேர் போவீர்களோ அத்தனை பேரோடு ஓட்ட வேண்டும். டேஷ்போர்டில் 'இன்னும் இத்தனை கிலோமீட்டர் போகும்' என்று வரும் எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள். முன்னால் ஓட்டியவர் எப்படி ஓட்டினாரோ அதை வைத்து வண்டி சொல்லும் உத்தேசம் அது. பேட்டரி சதவீதமும் ஓடோமீட்டரும் போதும்.

நாங்கள் ஓட்டிய வண்டியில் 24 யூனிட் பேட்டரி. வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான், கிலோவாட் மணி. கிளம்பும்போது 78 சதவீதம், 22 கிலோமீட்டர் ஓடித் திரும்பியபோது 66. பன்னிரண்டு சதவீதத்துக்கு 22 என்றால் முழு பேட்டரிக்கு 183 கிலோமீட்டர். ஆனால் டேஷ்போர்டு முழு எண்ணைத்தான் காட்டும். உண்மையில் 11 குறைந்ததா 13 குறைந்ததா தெரியாது. பதினொன்று என்றால் 200, பதிமூன்று என்றால் 169. மூன்று கிலோமீட்டர் டெஸ்ட் டிரைவில் ஒன்றும் தெரியாது என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான். அங்கே குறைவதே ஒன்றோ இரண்டோ சதவீதம்தான்.

183-ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைசி 15 சதவீதத்தைத் தொடாமல் வைத்தால் 155. சில வருஷம் கழித்து பேட்டரியின் கொள்ளளவே 80 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் 124. அடைமழை, எதிர்க்காற்று, குளிர் என்று இன்னொரு இருபது சதவீதம் கழித்தால் ஏறக்குறைய 100. அவளுடைய செவ்வாய்க்கிழமை 96. தப்பித்தது, ஆனால் மயிரிழையில். பேட்டரி வாரண்டி பெரும்பாலும் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று இருக்கும். பல கம்பெனிகளில் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் அது பேசும் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

ஏசியைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். சின்ன காரில் அது ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு யூனிட் தின்னும், அவ்வளவுதான். குளிர் ஊரில் இருப்பவர்களுக்குத்தான் தலைவலி. சாதாரணக் கம்பிச்சுருள் ஹீட்டர் கிளம்பும் நேரத்தில் மூன்று நான்கு கிலோவாட் இழுக்கும். வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை உள்ளே இழுத்து, குறைந்த மின்சாரத்தில் சூடாக்கும் ஹீட் பம்ப் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வேகமும் அப்படித்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏறும். 50-இல் போவதைவிட 80-இல் போகும்போது இரண்டரை மடங்கு. நீளம் குறைந்து உயரமாக இருக்கும் இந்த வண்டிகள் காற்றைக் கிழித்துப் போகிற ரகம் இல்லை. தினமும் பைபாஸ் ஏறுகிறவர் என்றால் அங்கே தனியாக ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஓட்டும்போது நான் முக்கியமாகக் கவனிப்பது பார்க்கிங் சரிவு. அடித்தளப் பார்க்கிங்கிலிருந்து மேலே வரும் சரிவின் நடுவில் நிறுத்துங்கள். பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். சில வண்டி அப்படியே பிடித்து நிற்கும், சில வண்டி ஓரிரு விநாடி பிடித்துவிட்டுப் பின்னால் வழியும். அதே சரிவில் ரிவர்ஸிலும் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். மின்சார மோட்டாருக்கு நின்ற இடத்திலிருந்தே இழுவை உண்டு, ஏறுவதில் பிரச்சினை வராது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் துள்ளுகிறதா, நூல் பிடித்த மாதிரி நகர்கிறதா என்பதுதான் விஷயம். இரண்டு தூணுக்கு நடுவில் வண்டியை நுழைக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும், பேட்டரிக்கும் கொஞ்சம் மின்சாரம் திரும்பும். இந்தப் பிடிப்பு எவ்வளவு என்று மாற்ற முடிகிறதா பாருங்கள். ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பேட்டரி நூறு சதவீதத்தில் இருக்கும்போது திரும்பும் மின்சாரத்துக்கு இடம் இல்லாததால் பல வண்டிகளில் பிடிப்பு குறைந்துவிடும். ஷோரூம் வண்டி முழு சார்ஜில் நின்றால் அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

அப்புறம் ஓட்டுபவர் இறங்கிப் பின் சீட்டுக்குப் போக வேண்டும். வேறு யாராவது ஓட்டட்டும். தரைக்கு அடியில் பேட்டரி இருப்பதால் பல சின்ன கார்களில் பின்னால் கால் வைக்கும் தரை உயர்ந்திருக்கும். உட்கார்ந்தால் முட்டி மேலே போய்விடும், தொடை சீட்டில் படியாது. ஐந்து நிமிஷத்தில் ஒன்றும் தெரியாது. அரை மணி நேரத்தில் இடுப்பு சொல்லும். சித்தியை உட்கார வைத்தோம். டேப்பால் அளந்தேன்: சீட் விளிம்புக்கும் தரைக்கும் நடுவில் 28 சென்டிமீட்டர். அவர் வீட்டில் உட்காரும் நாற்காலி 44. "கிணற்றுத் திண்ணையில் குத்தவைத்த மாதிரி இருக்கு" என்றார். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி குறைவு என்பதால் வேகத்தடையில் பின் சீட்டு தூக்கிப்போடும். அதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

டேப்புக்கு இன்னும் வேலை இருக்கிறது. இரண்டு கதவு வண்டி என்றால் கதவு நீளமாக இருக்கும்; உங்கள் பார்க்கிங் இடத்தில் அது பாதி திறந்தாலே சுவரில் இடிக்கலாம். சார்ஜ் துளை வண்டியின் முன்னாலா, பக்கவாட்டிலா, அங்கிருந்து வீட்டு பிளக் வரை கேபிள் எட்டுமா? எட்டாவிட்டால் எக்ஸ்டென்ஷன் பெட்டி போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஏனென்றால் எனக்கே அடி விழுந்தது. முதல் வருஷம் ஓர் எலெக்ட்ரீஷியன் பழைய 16 ஆம்பியர் பாயிண்டைப் பார்த்து, தாங்கும் என்றார். மூன்றாவது வாரம் விடியற்காலையில் பிளாஸ்டிக் கருகுகிற வாசனை. பிளக்கைப் பிடுங்கினால் ஒரு முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது, சாக்கெட்டின் துளை உருகி நீண்டிருந்தது. வீட்டில் மற்ற சாமான்கள் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு ஓயும். கார் எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். லூசான ஒரு இணைப்பு போதும். அதனால் கார் வருவதற்கு முன்பே மெயின் போர்டிலிருந்து தனி லைன், ஒழுங்கான எர்த், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் மூன்றையும் போட்டுவிடுங்கள். முதல் நாள் சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள்.

'முழு சார்ஜுக்கு ஒன்பது மணி நேரம்' என்று கேட்டு மலைக்க வேண்டாம். தினமும் காலி டப்பாவை நிரப்பப் போவதில்லை. 42 கிலோமீட்டருக்கு ஐந்தரை யூனிட். சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்தால் ஆறு சொச்சம். மூன்று கிலோவாட் பிளக்கில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வேகச் சார்ஜர் வசதி சில சின்ன வண்டிகளில் கிடையவே கிடையாது. வெளியூர் எண்ணம் இருந்தால் அதைக் கேளுங்கள், சி.சி.எஸ். போல உங்கள் பக்கத்துச் சார்ஜர்களில் பொதுவாக இருக்கும் துளைதானா என்றும் பாருங்கள்.

பழைய வண்டி வாங்குகிறீர்களா? ஓடிய கிலோமீட்டரை விட பேட்டரியில் மிச்சமிருக்கும் கொள்ளளவுதான் முக்கியம். சர்வீஸ் சென்டர் அறிக்கை கேளுங்கள். 2010-இல் வந்த நிசான் லீஃப் காரில் பேட்டரிக்குத் திரவக் குளிர்ச்சி இல்லை. வெயில் ஊர்களில் அதன் கொள்ளளவு சீக்கிரம் இறங்கியது. அதில் ஒரு நல்ல ஏற்பாடு, கொள்ளளவைப் பன்னிரண்டு கட்டமாக டேஷ்போர்டிலேயே காட்டிவிடும். எல்லா வண்டியும் அவ்வளவு வெளிப்படையாக இருக்காது.

மோதல் சோதனை ஸ்டாரைப் பார்க்கும்போது ஆண்டையும் பாருங்கள். ரெனோ ஸோயி என்ற சின்ன மின்சாரக் கார் 2013-இல் ஐரோப்பாவின் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப்பில் ஐந்து ஸ்டார் வாங்கியது. 2021-இல் மறுபடி சோதித்தபோது பூஜ்யம். சித்ரோயன் அமி மாதிரியான சில குட்டி வண்டிகள் கார் என்ற பட்டியலிலேயே வராது, அமியின் உச்ச வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர்.

ஸ்டெப்னி இருக்கிறதா, வெறும் பஞ்சர் கிட்தானா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள். பெரிய பேட்டரி போக ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரியும் இருக்கும். அது செத்தால் பெரியதில் எண்பது சதவீதம் இருந்தாலும் வண்டி கண் விழிக்காது. அது எங்கே இருக்கிறது என்று விற்பவரையே காட்டச் சொல்லுங்கள். எங்களுக்குக் காட்ட வந்த பையன் இரண்டு இடத்தில் தேடினான்.

சித்தி மகள் அந்த வண்டியை வாங்கவில்லை. 96 கணக்கில் அது தேறியது, 28 சென்டிமீட்டரில் விழுந்தது. மறுநாள் வேறு ஷோரூமுக்கு அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். என் டேப் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.