பழைய மோரிஸ் மைனரைக் குளிர்காலத்தில் ஓட்டுவதா, மூடி வைப்பதா?

அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிற அன்றைக்கே இங்கிலாந்தில் பழைய கார் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி வந்துவிடும். என்னிடம் இருப்பது 1098 சிசி மோரிஸ் மைனர். நம் ஊர் அம்பாசிடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது, மைனரோ அம்பாசிடருக்கும் முன்னால் 1948லேயே வந்த வண்டி, அதனால் இதை அம்பாசிடருக்குச் சித்தி முறை என்று வைத்துக்கொள்ளலாம். கீழே சொல்வது அந்தக் காலத்து ஆஸ்டின், எம்ஜி, ட்ரையம்ப் கார்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஓட்டுவதென்றால் ஒழுங்காக ஓட்டுங்கள், தூங்க வைப்பதென்றால் வசந்தம் வரை எழுப்பாதீர்கள். ரெண்டுங்கெட்டானாக நடுவில் நிற்பதுதான் வண்டியைக் கொல்கிறது. நான் முதல் வருடம் அதைத்தான் செய்தேன். ஞாயிறு தவறாமல் கராஜுக்குப் போய் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து, உறுமுகிற சத்தத்தைக் கேட்டு ஒரு திருப்தியோடு திரும்பி வந்துவிடுவேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். என்ஜின் நன்றாகச் சூடேறினால் அது போய்விடும், சூடேறாவிட்டால் சைலன்சருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் தங்கிவிடும், அதோடு சோக் இழுத்து ஓட்டுவதால் எரியாத பெட்ரோல் வேறு சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். மார்ச்சில் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் உள்ளே கடைந்த வெண்ணெய் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடித்து ஓட்டை. எடுத்தால் அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் சாவியைத் தொடாதீர்கள்.

சரி, ஓட்டப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர வைக்க ரேடியேட்டரில் ஊற்றுகிற நீர். தண்ணீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் பெருக்கும், அந்த வேகத்தில் என்ஜின் பிளாக்கே விரிசல் விடலாம். எத்திலீன் கிளைகாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 30 வரை கவலையில்லை. ஆனால் சிலிகேட் சேர்ந்த பழைய வகையாகப் பார்த்து வாங்குங்கள். இப்போதைய கார்களுக்கென்று வருகிற, ஐந்து வருடம் தாங்கும் என்கிற வகை, ஈயம் வைத்து ஒட்டிய பித்தளை ரேடியேட்டருக்கு ஒத்துவராது. பழைய வகையை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது டைனமோ. மைனரில் இருக்கிற லூகாஸ் டைனமோ முழு வேகத்தில் சுற்றினாலே 22 ஆம்பியர்தான் தரும், சிக்னலில் நிற்கும்போது கிட்டத்தட்ட ஒன்றுமே தராது. மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிற டிசம்பரில் ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் மூன்றையும் போட்டுக்கொண்டு நெரிசலில் நின்றால் பேட்டரிதான் எல்லாவற்றையும் சுமக்கும். பெல்ட் தொய்வாக இருந்தால் இன்னும் மோசம். நான் வீட்டுக்கு வந்ததும் ராத்திரி சார்ஜரில் போட்டுவிடுவேன். காலையில் ஸ்டார்ட் ஆகாமல் இழுத்தால் பேட்டரியைத் திட்டுவதற்கு முன்னால் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி உள்ளே துணியால் துடைத்துப் பாருங்கள், பாதி நேரம் அங்கே கோத்திருக்கிற ஈரம்தான் காரணம்.

ஆனால் குளிரைவிடப் பெரிய எதிரி உப்பு. செஷயர் வின்ஸ்ஃபோர்ட் சுரங்கத்திலிருந்து தோண்டியெடுக்கிற பாறை உப்பை, ரோடு உறையப்போகிறது என்றால் முந்தின ராத்திரியே கவுன்சில் லாரிகள் தூவிவிட்டுப் போய்விடும். என் கணக்கு எளிது: ரோடு வெள்ளையாகத் தெரிந்தால் வண்டியை எடுப்பதில்லை, ஒரு நல்ல மழை கழுவிவிட்ட பிறகுதான் எடுப்பேன். மாட்டிக்கொண்டால் வீட்டுக்கு வந்ததும் சாதாரண தோட்டக் குழாயால், பச்சைத் தண்ணீரால், மட்கார்டின் உள்பக்கம், கதவுக்குக் கீழே ஓடுகிற சில், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடம் எல்லாவற்றையும் நின்று நிதானமாகக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், அது கிரீஸ் இருக்கிற இடத்தில் தண்ணீரைத் திணித்துவிடும். உப்போடு ஈரமாக இருக்கிற வண்டியை ஹீட்டர் போட்ட கராஜில் விடுவது அதைவிட மோசம், சூட்டில் துரு இன்னும் வேகமாக ஏறும்.

கழுவின கையோடு கிரீஸ் கன்னை எடுத்துக்கொள்ளுங்கள். மைனரின் முன்சக்கரத்தைத் தாங்குவது ட்ரன்னியன் என்கிற மரை போட்ட ஒரு துண்டு. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் வைக்கச் சொல்வார்கள், குளிர்காலத்தில் அதற்கும் முன்னாலேயே வைத்துவிடுவது நல்லது. புது கிரீஸ் பழையதையும் தண்ணீரையும் வெளியே தள்ளும்வரை அடியுங்கள். அந்த மரை தேய்ந்து கழன்றால் ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரம் மடங்கி வண்டி மூக்குக் குப்புற உட்கார்ந்துவிடும்.

வேண்டாம், மூடியே வைக்கிறேன் என்றால் நவம்பரில் ஒரு காய்ந்த நாளாகப் பாருங்கள். நீண்ட ஓட்டம் ஒன்று போய்விட்டு வந்து, ஆயில் சூடாக இருக்கும்போதே வடித்துப் புது 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றுங்கள். வசந்தத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் விடுகிறார்கள். பழைய ஆயிலில் சேர்ந்த அமிலம் ஐந்து மாதம் பேரிங்கில் ஊறிக்கொண்டிருக்கும், அதற்கு எதற்கு இடம் கொடுக்க வேண்டும்? இங்கே 2021லிருந்து சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் வருகிறது, அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் தின்னும். சூப்பர் என்று விற்கிற, எத்தனால் ஐந்து சதவீதத்துக்கு மேல் போகாத ஈ5 பெட்ரோல் போட்டு டாங்கை வாய்வரை நிரப்புங்கள், உள்ளே காற்று குறைந்தால் தகரத்தில் ஈரம் படியவும் இடம் குறையும்.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். காலியான பேட்டரி மைனஸ் ஏழிலேயே உறைந்துவிடும், முழு சார்ஜில் இருப்பது இங்கத்திய எந்தக் குளிரையும் தாங்கும். மைனர் அந்த நாளில் பிளஸ் முனையைப் பாடியோடு சேர்த்துத்தான் வந்தது. மாற்றாமல் அப்படியே இருக்கிற வண்டியென்றால் முதலில் கழற்ற வேண்டியது பிளஸ், பழக்க தோஷத்தில் மைனஸில் ஸ்பேனரை வைத்துவிடாதீர்கள்.

டயரில் வழக்கத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு பிஎஸ்ஐ கூட ஏற்றுங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிடுங்கள், போட்டே வைத்தால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கிளட்ச் பெடலையும் ஒரு மரத்துண்டால் அழுத்தியபடியே முட்டுக்கொடுத்து வைக்கலாம். தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், அடியில் வேர்த்துக்கொண்டே இருக்கும். காற்றுப் போகிற துணி உறைதான் நல்லது. சைலன்சர் வாயை இரும்பு நாரால் அடைத்தால் எலி கூடு கட்டாது, ஆனால் அடைத்திருக்கிறேன் என்று ஒரு சீட்டு எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள், மார்ச்சில் கட்டாயம் மறந்திருப்பீர்கள்.

நாற்பது வருடம் தாண்டின வண்டிக்கு ரோடு வரி கட்ட வேண்டியதில்லை, ஆனாலும் வருடா வருடம் பூஜ்ய வரி என்று பதிவு செய்ய வேண்டும். ஓட்டப்போவதில்லை என்று டிவிஎல்ஏ என்கிற அரசு வாகன உரிம அலுவலகத்திடம் அறிவிக்காவிட்டால் கராஜுக்குள் நின்றாலும் இன்சூரன்ஸ் இருந்தாக வேண்டும். அறிவித்துவிட்டால் பொது ரோட்டில் நிறுத்தக் கூடாது.

வசந்தத்தில் எழுப்பும்போது அவசரப்படாதீர்கள். பிரேக் பிடிக்கிறதா, எங்காவது ஒழுகுகிறதா பாருங்கள். அப்புறம் ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் சில சொட்டு ஆயில் விட்டு, இக்னிஷனைப் போடாமல் முன்னால் இருக்கிற ஹேண்டிலை மாட்டிக் கையால் சுற்றுங்கள். தடங்கல் இல்லாமல் சுற்றினால் பிளக்கைத் திரும்ப மாட்டலாம். அந்த இரும்பு நாரை உருவிவிட்டீர்களா?