பனியன் துணியில் டாப்ஸ்: ரவிக்கை தைத்த கை செய்யும் தவறுகள்

ரவிக்கையும் சுடிதாரும் தைக்கத் தெரிந்தவர்களைத்தான் பனியன் துணி அதிகம் படுத்துகிறது. புதிதாகக் கற்பவர் பயந்து பயந்து தைப்பார், எப்படியோ தப்பித்துவிடுவார். பல வருடம் ரவிக்கை தைத்த கை, ‘இதில் என்ன இருக்கிறது, கொக்கி கூடக் கிடையாதே’ என்று அலட்சியமாக உட்காரும். நான் அப்படித்தான் உட்கார்ந்தேன். சாயங்காலத்துக்குள் டாப்ஸ் முடிந்துவிட்டது. போட்டுப் பார்க்கலாம் என்று தலையை நுழைத்தேன். கழுத்தில் பட் பட்டென்று நான்கு இடத்தில் நூல் தெறித்தது. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை, தையல்தான் போச்சு.

ரவிக்கைத் துணி தறியில் நெய்தது. பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக இறுகி நிற்கும். பனியன் துணி பின்னியது. நூல் வளையம் வளையமாக ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். இழுத்தால் வளையம் விரிகிறது, விட்டால் சுருங்குகிறது. அதன் மேல் நாம் போடும் நேர்த்தையலில் விரிவதற்கு மிச்ச நூல் கிடையாது. துணி நீளும்போது தையலும் கூடவே நீள வேண்டும், ஆனால் தைக்கும்போது துணி தன் போக்கில் நீண்டுவிடவும் கூடாது. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைக் கோட்டைவிடுவதால் வருபவை.

வாங்கும் இடத்திலேயே முதல் சறுக்கல் இருக்கிறது. திருப்பூர் வியாபாரத்தில் பின்னல் துணிக்குக் கிலோ கணக்கு. அங்கிருந்து வரும் மிச்சத் துணியைப் பிற ஊர்க் கடைகளிலும் எடை போட்டு விற்பார்கள். மீட்டர் கணக்கில் பழகியவர்கள் கிலோ விலையைக் கேட்டுவிட்டு, ‘அட, மலிவு’ என்று அள்ளுவார்கள். எத்தனை ஜிஎஸ்எம் என்று கேட்காமல் அந்த விலைக்கு அர்த்தமே இல்லை. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். 180 ஜிஎஸ்எம் துணி ஒரு கிலோ வாங்கினால் சுமார் ஐந்தரைச் சதுர மீட்டர் கிடைக்கும். குழாயாக வரும் துணியைத் தட்டையாக வைத்து 34 அங்குலம் இருந்தால், பிரித்தால் 68 அங்குலம். அந்தக் கணக்கில் ஒரு கிலோவுக்கு மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். 240 ஜிஎஸ்எம் என்றால் அதே கிலோவில் இரண்டரை மீட்டர் கூடத் தேறாது. டாப்ஸுக்கு 160 முதல் 200 வரை சரியாக இருக்கும். அதற்குக் கீழே போனால் உள்ளே போட்டிருப்பது தெரியும். நம் வெயிலுக்கு 240 கனம்.

குழாய்த் துணியின் இரண்டு மடிப்பையும் விரித்துப் பாருங்கள். சில துணிகளில் அந்த மடிப்புக் கோடு சாயத்திலேயே பதிந்திருக்கும், எத்தனை தரம் இஸ்திரி போட்டாலும் போகாது. நெஞ்சுக்கு நடுவே அந்தக் கோடு வருகிற மாதிரி வெட்டிவிட்டு அப்புறம் வருந்திப் பயனில்லை.

‘லைக்ரா கலந்தது’ என்று சொன்னாலே சிலர் மயங்கிவிடுகிறார்கள். லைக்ரா என்பது நன்றாக நீளும் ஓர் இழையின் பிராண்ட் பெயர். அந்த இழையை அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் 1958இல் கண்டுபிடித்தார்கள். நம் கடைகளில் நீளுகிற எல்லாவற்றுக்குமே லைக்ரா என்றுதான் பெயர். எனவே பெயரை விட்டுவிட்டுக் கையை நம்புங்கள். துணியின் அகலவாக்கில் 10 சென்டிமீட்டரைப் பிடித்து இழுத்தால் 13 வரை சுலபமாகப் போக வேண்டும். அதைவிட முக்கியம், விட்டதும் பழைய 10க்கே திரும்புகிறதா என்பது. மலிவுத் துணி நீளுவதில் குறை வைக்காது, திரும்பி வருவதில்தான் சோம்பல். அப்படிப்பட்ட துணியில் தைத்தால் நாலு நாளில் கழுத்து தொங்கும், முழங்கை புடைத்து நிற்கும்.

வாங்கி வந்த துணியை நனைக்காமல் வெட்டுவது அடுத்த தவறு. பருத்திப் பின்னல் துணி முதல் துவையலில் நன்றாகவே சுருங்கும், முக்கியமாக நீளத்தில். டாப்ஸை நாளைக்கு எப்படித் துவைப்பீர்களோ அப்படியே இன்றைக்குத் துணியைத் துவையுங்கள். மெஷினில் போடுவீர்கள் என்றால் மெஷினில் போடுங்கள். காயவைக்கும்போது கொடியில் தொங்கவிடாதீர்கள், ஈரத்தின் கனத்திலேயே நீண்டுவிடும். கட்டிலிலோ பாயிலோ பரப்புங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. மலிவான டீ ஷர்ட் இரண்டு துவையலுக்குப் பிறகு பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் நகர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். தைத்தவர் மேல் தப்பில்லை. நூலில் இருக்கும் முறுக்கு, துணியையே ஒரு பக்கமாகத் திருகிவிடுகிறது. முன்கூட்டியே துவைத்துவிட்டால் அந்தத் திருகலில் பெரும்பகுதி வெட்டுவதற்கு முன்பே வெளியே வந்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளைய வரிசை சாய்ந்திருந்தால் அந்தத் துணியைத் தலையணை உறைக்கு ஒதுக்கிவிடுவேன்.

அளவில் ரவிக்கைப் புத்தி, சுடிதார் புத்தி இரண்டும் வேலைக்கு ஆகாது. ரவிக்கைக்குப் போடும் டக் இங்கே வேண்டாம், துணியே உடம்புக்குத் தக்கபடி வளைந்துகொள்ளும். சுடிதாருக்கு விடுவது போல நாலு அங்குலம் லூஸ் விட்டால் நைட்டி மாதிரி தொங்கும். உடம்பை ஒட்டி வேண்டுமென்றால் மார்பளவுக்கு மேல் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. சாதாரணமாகப் போட இரண்டு அங்குலம் போதும். உங்களுக்குப் பிடித்த டீ ஷர்ட் ஒன்றைக் காகிதத்தில் வைத்து வரைவதுதான் நல்ல வழி. ஆனால் அந்த டீ ஷர்ட்டும் நீங்கள் வாங்கிய துணியும் ஏறக்குறைய ஒரே மாதிரி நீள வேண்டும். அதிகம் நீளுகிற லைக்ரா டாப்ஸின் அளவை எடுத்துச் சாதா பனியன் துணியில் வெட்டினால் உள்ளே நுழையவே முடியாது.

துணி அதிகம் நீளும் பக்கம் உடம்பைச் சுற்றி வர வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று திருப்பிப் போட்டு வெட்டினால் டாப்ஸ் கீழ்நோக்கி நீளும், தோளில் இறுக்கும். மேஜையின் ஓரத்தில் துணி தொங்கிக்கொண்டிருந்தாலும் அளவு தவறிவிடும். தரையில் முழுவதையும் பரப்பி வெட்டுவதே மேல். எது நல்ல பக்கம் என்று குழப்பமா? வெட்டிய விளிம்பை அகலவாக்கில் லேசாக இழுங்கள். சிங்கிள் ஜெர்சி, அதாவது சாதா பனியன் துணி, எந்தப் பக்கம் சுருள்கிறதோ அதுதான் நல்ல பக்கம்.

இனி ஊசி. நான் இதைக் கற்றுக்கொள்ள மூன்று டாப்ஸ் பலி கொடுத்தேன். ரவிக்கைக்குப் போட்ட 16ஆம் எண் ஊசியை அப்படியே விட்டுத் தைத்தால் அதன் கூர்முனை வளையத்தின் நூலையே குத்தி அறுத்துவிடும். தைத்த அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு துவையல் கழித்துத் தையல் ஓரமாகப் பொடிப்பொடி ஓட்டைகள் தெரியும், அதிலிருந்து ஏணி மாதிரி கோடு இறங்கும். இதற்கென்று பால் பாயின்ட் ஊசி இருக்கிறது. முனை உருண்டையாக இருப்பதால் நூலைக் குத்தாமல் வளையங்களுக்கு நடுவே விலக்கிக்கொண்டு இறங்கும். மெல்லிய துணிக்கு 11, கனத்துக்கு 14. லைக்ரா அதிகமுள்ள துணியில் தையல் விட்டு விட்டு விழுந்தால் ஸ்ட்ரெட்ச் ஊசி கேட்டு வாங்குங்கள். மெஷினை ரிப்பேருக்குத் தூக்குவதற்கு முன் ஊசியை மாற்றிப் பாருங்கள். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும், பருத்தி நூல் இழுவையைத் தாங்காது.

ஓரத்தை வெட்டி நூலால் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மெஷின் இல்லாமல் பனியன் துணி தைக்கவே முடியாது என்று பலர் தொடங்காமலே இருக்கிறார்கள். இந்தத் துணியின் ஓரம் நெய்த துணி போலப் பிசிறாது, சுருளும் அவ்வளவுதான். ஓவர்லாக் இருந்தால் வேகம், அழகு. இல்லாவிட்டாலும் டாப்ஸ் நிற்கும். ஜிக்ஜாக் இருக்கிற மெஷின் என்றால் அகலம் அரை மில்லிமீட்டர், நீளம் இரண்டரை வைத்துத் தையுங்கள். பார்வைக்கு நேர்த்தையல் போலவே இருக்கும், இழுத்தால் கொடுக்கும். நேர்த்தையல் மட்டும் போடுகிற கறுப்பு மெஷின்தான் வீட்டில் உள்ளதா? மேல் நூல், பாபின் இரண்டின் டென்ஷனையும் கொஞ்சம் தளர்த்துங்கள். தையலைச் சின்னதாக வையுங்கள். ஊசிக்கு முன்னாலும் பின்னாலும் துணியைப் பிடித்து, மிக லேசாக, இரண்டு பக்கமும் சமமாக இழுத்தபடி விடுங்கள். பக்கத் தையலுக்கு இது தாராளமாகப் போதும். பின்னாலிருந்து மட்டும் இழுத்தால் ஊசி வளையும், உடையும். முதலில் ஒரு துண்டுத் துணியில் தைத்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். அறுந்தால் இன்னும் தளர்த்துங்கள்.

தோளுக்கு மட்டும் நேர்மாறான கதை. அங்கே துணி நீளவே கூடாது. கடையில் வாங்கிய டீ ஷர்ட்டின் தோளை உள்பக்கம் பாருங்கள், பலவற்றில் ஒரு நாடா வைத்துத் தைத்திருக்கும். முழு டாப்ஸின் கனமும் அந்த இரண்டு தையலில்தான் தொங்குகிறது. அரை அங்குல நாடாவோ, காட்டன் சேலை ஓரத்தில் கிழித்த கீற்றோ சேர்த்துத் தைத்தால் போதும்.

கழுத்துக்கு ரவிக்கை வழக்கப்படி கிராஸ் பீஸ், அதாவது சாய்வாக வெட்டிய பட்டி, வைத்தால் ஒன்று தலை நுழையாது, இல்லை வாய் பிளந்து நிற்கும். அகலவாக்கில் நேராக வெட்டிய பட்டிதான் வேண்டும், வரி வரியாகப் பின்னிய ரிப் துணி கிடைத்தால் ரொம்ப நல்லது. பட்டி, கழுத்துச் சுற்றளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கழுத்து 60 சென்டிமீட்டர் என்றால் பட்டி அதில் 85 சதவீதம், அதாவது 51. இணைப்புத் தையலுக்கு 2 சேர்த்து 53. பட்டியையும் கழுத்தையும் நாலாகப் பிரித்துக் குறி வைத்து, குறியோடு குறி சேர்த்து, பட்டியை மட்டும் இழுத்துத் தையுங்கள். கழுத்துத் துணியையும் சேர்த்து இழுத்தால் அப்பளம் மாதிரி அலை அலையாக நிற்கும்.

அடி மடிப்பிலும் இதே அலைத் தொல்லை வரும். மெஷினின் பாதம் துணியை அழுத்தித் தேய்த்துக்கொண்டு போவதுதான் காரணம். பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு மெஷின் தலையில் இருந்தால் அதைத் தளர்த்துங்கள். இல்லையென்றால் துணிக்கு அடியில் நியூஸ் பேப்பர் கீற்று வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுங்கள். வெள்ளைத் துணிக்கு வெறும் தாள், அச்சு மை ஒட்டிக்கொள்ளும். அப்படியும் அலை இருந்தால் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்து வைத்து எடுங்கள், தேய்க்காதீர்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மடிப்பையே வெட்டி எறிந்துவிட்டு ஓரத்தைச் சும்மா விடுங்கள். தானே சுருண்டு நிற்கும், கை முனையில் அது பார்க்கவும் நன்றாக இருக்கிறது. என் மகள் அதைத்தான் ஃபேஷன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், நானும் திருத்தவில்லை.