பள்ளி விடுமுறையில் கலங்கரை விளக்கமும் படகுப் பயணமும்

சிங்கப்பூரில் பிள்ளைகளுக்குக் கலங்கரை விளக்கத்தைக் காட்ட விரும்பும் பெற்றோர் பலர், ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்தையே முதலில் நினைக்கிறார்கள். 1855 முதல் ஒளிவீசும் அது நிற்கும் சதுமு தீவுக்குப் பொதுமக்கள் விருப்பம்போல் சென்றுவர இயலாது. அதற்குப் பதிலாக, டோபி காட் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே ஃபோர்ட் கேனிங் பூங்காவை அடையலாம். 1903 முதல் 1958 வரை கப்பல்களுக்கு வழிகாட்டிய விளக்கத்தின் மாதிரி வடிவம் அங்கு இருக்கிறது. உயர்ந்த கட்டடங்கள் ஒளியை மறைத்ததால் விளக்கு ஃபுல்லர்ட்டன் கட்டடத்துக்கு மாறியது. அதே காரணத்தால் 1978-இல் அந்தப் பணியை ஏற்ற பிடோக் கலங்கரை விளக்கம், மரின் பரேட் வட்டாரத்தில் மக்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் இருக்கிறது. இருட்டிய பின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நின்று அந்த ஒளியைப் பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள்; நகரம் வளர்ந்த கதையை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது என்பது என் கருத்து.

படகில் செல்ல ஆசைப்பட்டால், எம்ஆர்டி நிலையத்தை ஒட்டியே அமைந்த மரினா சவுத் படகுத்துறையிலிருந்து செயிண்ட் ஜான்ஸ் தீவுக்குப் போகலாம். கடைசிப் படகு திரும்பும் நேரத்தைப் புறப்படும் முன்பே உறுதிசெய்துகொண்டு, உணவும் போதிய தண்ணீரும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.