சேலைக் கடைக்குப் பார்கோடு அமைக்கும் முறை: எண், கோடு, நிறம்

மதுரை விளக்குத்தூண் அருகே சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கும் என் தாய்மாமாவுக்குச் சென்ற சித்திரையில் பார்கோடு முறையை அமைத்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் முடியும் என்று நினைத்த வேலை ஒன்பது நாள் இழுத்தது. அதில் ஆறு நாள் கீழே வரும் மூன்றாம் படியிலேயே போயின. எக்ஸெல் கோப்பைத் திறக்கவும் ஸ்டிக்கர் அச்சிடவும் தெரிந்தவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

பார்கோட்டுக்குள் சேலையின் பெயரும் இல்லை, விலையும் இல்லை. அதில் இருப்பது ஓர் எண் மட்டுமே. பெயர், விலை, இருப்பு எல்லாம் அந்த எண்ணுக்கு நேராகக் கடைக் கணினியின் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே ஆடித் தள்ளுபடிக்கு விலையைப் பட்டியலில் மாற்றினாலே போதும், ஸ்டிக்கரை உரிக்க வேண்டியதில்லை.

படி 1: எண்

நமக்கு வேண்டியது, கடைப் பொருள்களின் பார்கோட்டில் வழக்கமாக இருக்கும் 13 இலக்க எண். இதை இஏஎன் எண் என்பார்கள். 890 என்று தொடங்குபவை ஜிஎஸ்1 இந்தியா அமைப்பு நிறுவனங்களுக்கு வழங்குபவை என்பதால் அவற்றை நாமே எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைக்குள் மட்டும் புழங்கும் சரக்குக்கு 20 முதல் 29 வரை தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. இந்தத் தொடக்கத்துக்கு உட்பட்டு முதல் 12 இலக்கங்கள் நம் விருப்பம். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு உரியது. 200000001234 என்பதை எடுத்துக்கொள்வோம். ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை 6; இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை 6, அதை மூன்றால் பெருக்கினால் 18; இரண்டும் சேர்ந்து 24. அடுத்த பத்தின் மடங்கான 30-ஐ எட்ட 6 தேவை. ஆக முழு எண் 2000000012346. ஓர் இலக்கம் தவறாகப் படிக்கப்பட்டாலும் இந்தக் கணக்கு உதைக்கும். உடனே ஸ்கேனர் அதை ஏற்க மறுத்துவிடும்.

படி 2: கோடு

கோடுகளின் மொத்த அகலம் 95 அலகு; மிக மெல்லிய கோட்டின் அகலமே ஓர் அலகு. ஓரங்களில் மும்மூன்று, நடுவில் ஐந்து அலகு எல்லைக் கோடுகளுக்குப் போக, ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஏழு அலகு கிடைக்கிறது. கணக்குப் போட்டால் 12 இலக்கங்களுக்குத்தான் இடம் இருக்கும். முதல் இலக்கத்துக்குத் தனிக் கோடு கிடையாது. இடப்பக்க ஆறு இலக்கங்கள் எந்த வடிவங்களில் வரையப்பட்டுள்ளன என்பதைக் கொண்டு ஸ்கேனர் அதை அறிகிறது. இலவச மென்பொருள்களே இவற்றை வரைந்து தரும். நீங்கள் கவனிக்க வேண்டியது ஓர வெள்ளையை: இடப்புறம் 11 அலகும் வலப்புறம் 7 அலகும் வெறுமையாக இருக்க வேண்டும். ஸ்டிக்கரை மிச்சப்படுத்த அதை வெட்டிவிடாதீர்கள்.

படி 3: நிறம்

“மாப்ள, விசேஷத்துக்கு எடுக்குற சேலையில கறுப்பு இருக்கக் கூடாதுப்பா” என்று மாமா சொன்னதால், வெள்ளை ஸ்டிக்கரில் குங்கும நிறக் கோடுகளை அச்சிட்டேன். கைப்பேசி உடனே படித்தது. ஸ்கேனர் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. ஸ்கேனரை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், கோடுகளைப் பெரிதாக்கினேன். ஆறாம் நாள் மாலை மின்சாரம் நின்று கடை இருண்டபோது, மடிக்கணினியில் செருகியிருந்த ஸ்கேனரின் சிவப்பு ஒளியை ஸ்டிக்கரில் அடித்துப் பார்த்தேன். என் கண்ணுக்கே கோடுகள் தெரியவில்லை. வெறும் தாள்தான் இருந்தது.

சிவப்பு ஒளியைச் சிவப்பு மையும் வெள்ளைத் தாளும் ஏறக்குறைய ஒரே அளவில் திருப்பி அனுப்புகின்றன. ஒளி திரும்பாத இடத்தைத்தான் ஸ்கேனர் கோடு என்று எண்ணுகிறது. பச்சையும் நீலமும் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கின்றன, மஞ்சளோ திருப்பி அனுப்பிவிடுகிறது. அதனால் மஞ்சள் ஸ்டிக்கரில் கரும்பச்சைக் கோடுகளை அச்சிட்டேன். முதல் தொடுதலிலேயே ஸ்கேனர் ஒலித்தது. மங்கல நிறமும் கிடைத்ததில் மாமாவுக்கு முழு நிறைவு.

அச்சிட, ரிப்பன் வகை லேபிள் பிரிண்டரையே வாங்குங்கள். ரிப்பன் இல்லாமல், சூடு பட்டே கறுக்கும் வெப்பத்தாள் ஸ்டிக்கர் மலிவுதான். ஆனால் நம் ஊர் வெயில் படும் கண்ணாடி அலமாரியில் அதை நம்ப முடியாது.

படி 4: இணைப்பு

யுஎஸ்பி ஸ்கேனர் கணினிக்கு ஒரு விசைப்பலகை மாதிரிதான். கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கே எண்ணைத் தட்டச்சு செய்யும். வேறு மென்பொருள் தேவையில்லை.

பின்சேர்க்கை 1: எக்ஸெலில் எண் 2E+12 என்று மாறிவிடுகிறது என உசிலம்பட்டி வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஸ்கேன் செய்வதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ வகைக்கு மாற்றிவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: வாடிக்கையாளருக்கு ஸ்மார்ட் கார்டு தரலாமா என்று பலர் கேட்கின்றனர். 2017 முதல் நம் ரேஷன் கடைகளில் புழங்கும் ஸ்மார்ட் கார்டில் இருப்பது க்யூஆர் கோடு. அதுவும் பார்கோட்டின் உறவுதான், படம் எடுத்தால் நகல் கிடைத்துவிடும். வங்கி அட்டையின் பொன்னிறச் சிப் அப்படியன்று. அது ஒரு சிறு கணினி; செருகிய கருவியிலிருந்து மின்சாரம் பெற்று, தன்னுள் இருக்கும் ரகசியத் திறவுகோலை வெளியே காட்டாமல், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிய விடையைக் கணித்துத் தருகிறது. வாடிக்கையாளர் எண்ணைக் குறித்துவைக்க மட்டும்தான் என்றால் பார்கோடு அச்சிட்ட அட்டை போதும். பணம் ஏற்றிவைக்கும் அட்டைக்கு மட்டும் சிப்புக்குச் செலவழியுங்கள்.