சோழமண்டலம் போறீங்களா, படம் பாக்குறது இப்படி

சென்னை ஈசிஆர் ரோட்டுல ஈஞ்சம்பாக்கம் தாண்டும்போது சோழமண்டலம்னு போர்டு வரும், மகாபலிபுரம் போற அவசரத்துல பாதி பேரு அதை கவனிக்கிறதே இல்ல. 1966ல ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோட ஸ்டூடண்ட்ஸும் சேர்ந்து ஆரம்பிச்ச ஆர்ட்டிஸ்ட் கிராமம், பாத்திக் துணி (மெழுகு தடவி சாயம் போடுற துணி) வித்த காசுல நிலம் வாங்கினாங்க.

மொதல்ல மெட்ராஸ் மூவ்மெண்ட் (சென்னை ஓவியர்கள், சிற்பிகளோட நவீன கலை இயக்கம்) மியூசியத்துக்குள்ள போங்க, எல்லாத்தையும் பாத்துடணும்னு ஓடாதீங்க, நாலஞ்சு படம் போதும். பணிக்கர் படத்துல மலையாள எழுத்து மாதிரி, ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும், படிக்க ட்ரை பண்ணாதீங்க, அது படிக்கிறதுக்கு இல்ல. கிட்ட போய் கோடுகளைப் பாருங்க, அப்புறம் பத்தடி பின்னாடி வந்து மொத்தமா பாருங்க. ஓவியர் கே. ராமானுஜம் வரைஞ்ச இங்க் படம் கண்ல பட்டா மட்டும் பின்னாடி வராதீங்க, மூக்கு ஒட்டுற தூரத்துலயே நில்லுங்க, மாளிகை, பறக்குற மிருகம்னு அவ்ளோ நுணுக்கம் (எனக்கு இவர்தான் ஃபேவரைட்). சிற்பி நந்தகோபாலோட சிற்பத்துல செம்பும் பித்தளையும் பத்தவச்ச ஜாயிண்ட் தெரியும், ஆனா தொடாதீங்க ப்ளீஸ்.

பக்கத்து கேலரிகள்ல அடிக்கடி புது ஆளுங்க ஷோ நடக்கும். லேபிள்ல பேரு, வருஷம், மீடியம் (எதால பண்ணதுன்னு) பாருங்க, சிவப்பு புள்ளி ஒட்டியிருந்தா வித்தாச்சுன்னு அர்த்தம். விலை கேக்க கூச்சமே வேணாம், வாங்கலைன்னாலும் யாரும் திட்ட மாட்டாங்க. ஆர்ட்டிஸ்ட் அங்கயே இருந்தா "இதுக்கு என்ன அர்த்தம்"னு கேக்காம "எப்படி பண்ணீங்க"ன்னு கேளுங்க, மணிக்கணக்கா பேசுவாங்க.