பிரான்ஸ் கிராமங்களில் கார் தொல்லை இல்லாமல் சைக்கிள் ஓட்ட

பிரான்ஸ் நாட்டுப்புறத்தில் கிராவல் சைக்கிள் (சரளைப் பாதையிலும் ஓட்டக்கூடிய, சற்று அகலமான டயர் சைக்கிள்) ஓட்டப் போகிறீர்களா? வரைபடத்தில் 'வுவா வெர்த்' என்று குறித்திருக்கும் பாதைகளை, அதிலும் பழைய ரயில் தடத்தின் மேல் போட்டவற்றை, முதலில் தேடுங்கள். 'பசுமை வழி' என்று பொருள். நடப்பவரும் சைக்கிளும் வரைந்த சதுர நீலப் பலகை இருந்தால் கார், பைக் எதற்கும் அனுமதி கிடையாது.

ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் அந்தத் தடங்களை மெதுவான சரிவில்தான் போட்டார்கள். மலைப்பகுதியில்கூட மூச்சு வாங்காது. தெற்கே பெதாரியுவிலிருந்து மசமே வரை போகும் 'பாசா பாயிஸ்' நல்ல உதாரணம்: சுமார் 75 கிலோமீட்டர், பெரும்பாலும் இறுக்கிய சரளை மண், நடுவே பழைய சுரங்கப் பாதைகளும் பாலங்களும். சுரங்கத்துக்கு ஒரு விளக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் 'வெலோரூத்' என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது வழிகாட்டிப் பலகை வைத்த நெடுந்தூரப் பாதை மட்டுமே. பல இடங்களில் கார் ஓடும் சாலையிலேயே போகும். எல்லா வுவா வெர்த்தும் சரளையும் அல்ல. 1997இல் திறந்த ஜிவ்ரி - க்ளுனி பாதை தார் போட்டது, கிராவல் சைக்கிள் அங்கே வீண். சரளை வேண்டுமென்றால் பாதையின் விவரத்தில் 'ஸ்தபிலிசே' (இறுக்கிய சரளை மண்) என்று இருக்கிறதா பாருங்கள். கனமழைக்கு மறுநாள் அதுவும் சேறுதான்.

அப்புறம், கடை இல்லாத ஊரில் தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள், பெரும்பாலும் குழாய் இருக்கும். 'நோன் பொதாப்ல்' என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள்.